வீட்டுக் காசு வேறு, தொழிற் காசு வேறு

மயிலிட்டிக்குத் திரும்பியிருக்கும் குடும்பங்களுக்காகவும், திரும்ப ஆயத்தமாகும் குடும்பங்களுக்காகவும் இந்தப் பகுதி எழுதப்படுகிறது. வாழ்வாதார உதவியாக வலை, இயந்திரம், கோழி, தையல் இயந்திரம், சிறு கடைக்கான பொருட்கள் என்று ஏதோ ஒன்றை நீங்கள் பெற்றிருக்கலாம். அல்லது பெறுவோர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கலாம். இப்படியான உதவி ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஒரு தடவைதான் கிடைக்கும். உதவி முடிந்த பின்னர் தொழில் தன் காலில் நிற்குமா என்பது, அந்தத் தொழிலின் காசை நீங்கள் நாளாந்தம் எப்படிக் கையாளுகிறீர்கள் என்பதிற் பெருமளவு தங்கியிருக்கிறது. அதைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

தொழில் முயற்சியாளர்களுக்கான பயிற்சிப் பட்டறைகளுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். வெற்றி பெற்றவர்களின் பழக்கங்கள் என்று சில விடயங்களை அங்கு சொல்லுவார்கள்: அதிகாலையில் எழும்புங்கள், இலக்கு வையுங்கள், தன்னம்பிக்கையோடு இருங்கள். கெட்ட ஆலோசனைகள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கடலுக்கு இறங்கும் ஊருக்கு அதிகாலையில் எழும்பச் சொல்லித்தர யாரும் வரத் தேவையில்லை. இருபத்தேழு வருடம் முகாமிலும் வாடகை வீட்டிலும் இருந்து பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மாருக்குத் தன்னம்பிக்கை வகுப்பும் தேவையில்லை. உழைப்பில் உங்களிடம் குறையில்லை. உழைத்த காசு எந்த இடத்தில் கசிகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

ஊரின் நிலைமை

1990 ஜூனில் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தபோது இது வடபகுதியின் பெயர்பெற்ற மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. 2017 ஜூலை 3 ஆம் திகதி துறைமுகமும் அதைச் சூழ்ந்த ஏறத்தாழ 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட்டன. 2018 இல் புனரமைப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 2019 ஓகஸ்டில் முதற்கட்டம் திறக்கப்பட்டது. 2025 செப்டெம்பரில் மூன்றாம் கட்ட வேலைகள் ஆரம்பிக்கப்பட்டன. காணிகள் எல்லாம் இன்னும் கிடைத்துவிடவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஒரே குடும்பத்தில் அண்ணன் வளவுக்குத் திரும்பியிருக்க, தம்பி இன்னும் மல்லாகத்திலோ பருத்தித்துறைப் பக்கமோ வாடகைக்கு இருந்துகொண்டு தினமும் வந்துபோகிறார்.

நீங்கள் விட்டுப்போன துறைமுகமும் இப்போதுள்ளதும் ஒன்றல்ல. தென்பகுதிப் பலநாட் படகுகள் இங்கு வந்து தரிக்கின்றன. கைப்பற்றப்பட்ட இந்திய இழுவைப் படகுகளும் இங்கேதான் கட்டப்பட்டு இடத்தை அடைத்துக் கிடக்கின்றன. எமது சிறுபடகுகளுக்கு இடமில்லை என்ற மனக்குறை நியாயமானது. அதைச் சங்கத்தின் மூலம் தொடர்ந்து எழுப்ப வேண்டும். அதேவேளை, துறைமுகத்துக்கு வருகிற ஒவ்வொரு பெரிய படகுக்கும் தண்ணீர், ஐஸ், சமைத்த சாப்பாடு, வலை பொத்தும் ஆள் எல்லாம் தேவைப்படுகின்றன. இவற்றை யார் விற்கிறார்கள் என்று ஒரு கிழமை நின்று கவனித்துப் பாருங்கள். கடலுக்குப் போக ஆளில்லாத குடும்பங்களுக்கு அங்கே ஒரு தொழில் இருக்கக்கூடும்.

இன்னொரு மாற்றம் செலவில் நடந்திருக்கிறது. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. ஒரு தடவை கடலுக்குப் போய்வர 20 லீற்றர் எரிகிறது என்றால், முதல் நாள் 1,740 ரூபாவாக இருந்த செலவு அடுத்த நாள் 6,800 ரூபா. அதன்பின் விலை ஏறியும் இறங்கியும் வந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உங்கள் அப்பா எண்ணெய்க் கணக்கைப் பெரிதாகப் பார்க்காமலே தொழில் செய்திருக்கலாம். அன்று கடலில் மீன் இருந்தது, எண்ணெயும் மலிவு. இன்று கணக்கைப் பார்க்காமல் இறங்கினால் நல்ல மீன் பட்ட மாதத்திலும் கடனாளியாக முடியும். எப்படி என்று கீழே பார்ப்போம்.

ஒரு மாதக் கணக்கு

கீழே உள்ள தொகைகள் விளக்கத்துக்காகப் போடப்பட்டவை. உங்கள் படகின் தொகைகளை அவற்றின் இடத்திற் போட்டுப் பாருங்கள்.

பதினெட்டரை அடிப் பைபர் படகு ஒன்றில் நீங்களும் உங்கள் பெறாமகனும் தொழிலுக்குப் போகிறீர்கள். காற்று, பெருநாள், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் போக மாதத்தில் 20 நாள் கடல். ஒவ்வொரு நாளும் எண்ணெய், ஐஸ், சாப்பாடு சேர்த்துச் செலவு 7,000 ரூபா. அந்த 20 நாளில் 8 நாள் நல்ல மீன், நாளுக்கு 15,000 ரூபாவுக்கு விற்கிறது. 7 நாள் நடுத்தரம், 9,000 ரூபா. மற்ற 5 நாள் 3,000 ரூபாதான்.

மாதம் முழுவதும் விற்ற காசு 1,98,000 ரூபா. செலவு 1,40,000 ரூபா. மிச்சம் 58,000 ரூபா. படகுக்கும் வலைக்கும் பாதி, ஆட்களுக்குப் பாதி என்று பங்கு வைத்தால், படகின் பங்கு 29,000 ரூபா. உங்களுக்கும் பெறாமகனுக்கும் ஆளுக்கு 14,500 ரூபா. பங்குமுறை துறைக்குத் துறை வேறுபடும். நாளாந்தம் பிரிப்பவர்களும் உண்டு. இங்கே கணக்கை இலகுவாக்குவதற்காக மாத முடிவிற் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம்.

படகும் உங்களுடையது, ஆளாகவும் நீங்கள் போகிறீர்கள். ஆகவே 43,500 ரூபாவும் உங்கள் உழைப்பு என்று தோன்றும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். உங்கள் சம்பளம் 14,500 ரூபா. 29,000 ரூபா படகின் காசு. அதிலிருந்துதான் அடுத்த வலையும் அடுத்த இயந்திரமும் வரவேண்டும். ஒரு வலைத்தொகுதி 60,000 ரூபா, அது 200 தடவை போடும்வரை தாங்கும் என்றால், கடலில் இறக்கும் ஒவ்வொரு தடவையும் 300 ரூபா பெறுமதியான வலை தேய்கிறது. இயந்திரம் 4,00,000 ரூபா, ஆயிரம் தடவை ஓடும் என்றால் ஒவ்வொரு தடவையும் 400 ரூபா. இரண்டும் சேர்த்து 20 நாளில் 14,000 ரூபா தேய்ந்துவிட்டது. யாரும் பற்றுச்சீட்டுக் கொண்டுவந்து கேட்காத செலவு இது. வலையை நிறுவனம் இலவசமாகத் தந்திருந்தாலும் இந்தத் தேய்மானத்தைக் கணக்கிற் போடவே வேண்டும். அடுத்த வலையை யாரும் இலவசமாகத் தரப்போவதில்லை. அதையும் கழித்தால் அந்த மாதம் படகு உண்மையில் உழைத்த இலாபம் 15,000 ரூபா.

இனி, கணக்கெழுதாத ஒருவருக்கு அதே மாதத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

நல்ல நாளில் செலவு போக 8,000 ரூபா கையில் நிற்கிறது. எட்டு நாளும் சேர்த்து 64,000 ரூபா. நல்ல உழைப்பு என்ற நினைப்பில் அது அவ்வளவும் வீட்டுக்குப் போகிறது, பெறாமகனின் பங்கும் அதிலிருந்தே கொடுபடுகிறது. பிள்ளையின் ரியூசன் காசு, வளவுக்குத் தகரம், ஒரு சாமத்தியச் சடங்கு. எதுவும் வீண்செலவில்லை. பின்பு மீன் படாத ஐந்து நாட்கள் வருகின்றன. ஒவ்வொரு நாளும் 7,000 ரூபா செலவழித்து 3,000 ரூபாவுக்கு மீன். நாளுக்கு 4,000 ரூபா பள்ளம், ஐந்து நாளுக்கு 20,000 ரூபா. கையில் காசில்லை. மீன் எடுக்கும் முதலாளியிடம் எண்ணெய்க்கு முற்பணம் கேட்கவேண்டி வருகிறது.

முதலாளி வட்டி கேட்பதில்லை. மீனைத் தன்னிடமே போடவேண்டும் என்று மட்டும் கேட்பார். விலையை அவரே சொல்லுவார். ஏலத்தில் 600 ரூபா போகும் மீனுக்கு 550 ரூபா. கிலோவுக்கு 50 ரூபா பெரிதாகத் தெரியாது. ஆனால் 1,98,000 ரூபாவுக்கு விற்ற மீன், கிலோ 600 ரூபாப்படி 330 கிலோ. கிலோவுக்கு 50 ரூபா குறைந்தால் 16,500 ரூபா. படகின் மாத இலாபத்தை விட இது கூட. வாங்கிய 20,000 ரூபா அப்படியே நிற்க, ஒவ்வொரு மாதமும் இந்த 16,500 ரூபா போய்க்கொண்டிருக்கும்.

முதலாளிமாரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. வங்கி திரும்பியும் பார்க்காத காலங்களில் இந்தக் கரையோரத்துக்குக் காசு கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஆபத்துக்கு ஓடிவருபவர்களும் அவர்களே. ஆனால் அவர்களிடமிருந்து வருவது உலகத்திலேயே விலைகூடிய கடன்களில் ஒன்று என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அந்த மாதத்தின் ஆரம்பத்தில் 20,000 ரூபாவைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தவருக்கு இந்தக் கதை நடக்காது. அதே கடல், அதே மீன், அதே வலை.

மூன்று பேணி

எமது வெளிக்கள அலுவலர்கள் பரிந்துரைக்கும் முறை மிக எளியது. மூன்று பால்மாப் பேணிகளை எடுங்கள். ஒன்று எண்ணெய்ப் பேணி. அடுத்த சில நாட்கள் மீன் படாவிட்டாலும் கடலுக்குப் போவதற்கான காசு அதில் எப்போதும் இருக்கவேண்டும். மேலே சொன்ன படகுக்கு அது குறைந்தது 20,000 ரூபா. இரண்டாவது வலைப் பேணி. கடலுக்குப் போன ஒவ்வொரு நாளும், மீன் பட்டாலும் படாவிட்டாலும், 700 ரூபா அதில் விழவேண்டும். அது நிறைந்ததும் வங்கியிற் போட்டுவிடுங்கள், வீட்டில் வைத்திருக்க வேண்டாம். மூன்றாவது வீட்டுப் பேணி. உங்கள் சம்பளம் அதற்குள் போகும். வீட்டுச் செலவு அதற்குள்ளேதான்.

தொடங்கும்போது எண்ணெய்ப் பேணியில் 20,000 ரூபா போட யாரிடமும் இருக்காது. நல்ல நாளில் 2,000 ரூபா போட்டால் பத்து நல்ல நாளில் நிரம்பிவிடும். அதுவரை வீட்டுச் செலவை இறுக்கிப்பிடிக்க வேண்டியிருக்கும். இதைக் கணவன் மட்டும் தீர்மானித்தாற் சரிவராது, மனைவி மட்டும் சொன்னாலும் சரிவராது. வீட்டிலுள்ள எல்லாரும் ஒருதரம் கூடியிருந்து பேசவேண்டும்.

வாடைக் காலத்துக்கும் இதுதான் வழி. வாடை பெயர்ந்து வடகடல் கொந்தளிக்கும் நாட்களில் சிறுபடகுகள் கரையிற் கிடக்கும். அது வரும் மாதம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்த பஞ்சத்துக்கு முன்னரே ஒதுக்கலாம். ஓகஸ்ட், செப்டெம்பரில் ஒவ்வொரு கிழமையும் ஒரு தொகையைச் சங்கத்திலோ வங்கியிலோ போட்டு, மார்கழிக்குரியது என்று கொப்பியில் எழுதி வையுங்கள்.

பின்னேரப் பத்து நிமிடம்

ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். ஒவ்வொரு பின்னேரமும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, பேணிகளில் என்ன போட்டீர்கள், யார் கடன் தரவேண்டும், நீங்கள் யாருக்குக் கொடுக்கவேண்டும். கூடவே என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை, எந்தப் பக்கம் வலை போட்டீர்கள் என்று ஒரு வரி. காற்றைப் பற்றியும் எழுதலாம். இரண்டு வருடம் எழுதினால் அந்தக் கொப்பி சொல்லும் விடயம் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கிடைக்காது. முகாமிற் பிறந்து, இருபது வயதுக்குப் பிறகுதான் இந்தக் கடலைப் பார்த்த இளம் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். அப்பாமாரின் தலைக்குள் இருக்கும் கடல் அறிவு எழுத்தில் இல்லை. அவர்களும் வயதாகிக்கொண்டு போகிறார்கள்.

நாளைக்கு எழுதலாம் என்று தள்ளினால் கணக்கு அதோடு போயிற்று. கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து பர்மா, மலாயா வரை வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்கள் கடைக்குச் சேர்க்கும் பொடியனுக்குச் சிறுவயதிலேயே கணக்கெழுதப் பழக்கிவிடுவார்கள். மூன்று வருடத் தவணைக்குக் கடல்கடந்து அனுப்பிய முகவரை முதலாளி ஊரிலிருந்தபடியே மேற்பார்த்தது அந்தக் கணக்கை வைத்துத்தான். சொந்தப் படகின் கணக்கையே பார்க்காமல் நாம் எதைத்தான் பார்க்கப் போகிறோம்?

கருவாடும் கடையும்

கருவாடு போடும் பெண்களுக்கு ஒரு குறிப்பு. பச்சை மீனை நிறுத்து வாங்குங்கள், காய்ந்த பின்பும் நிறுத்துப் பாருங்கள். பொதுவாக மூன்று கிலோ பச்சை மீனுக்கு ஒரு கிலோ அளவில் கருவாடு தேறும். மீனின் வகையையும் காய்ச்சலையும் பொறுத்து இது கூடும், குறையும். 250 ரூபாப்படி 30 கிலோ வாங்கினால் 7,500 ரூபா. உப்பு, பை, பஸ் காசு 800 ரூபா என்று வைப்போம். பத்துக் கிலோ கருவாட்டை 1,000 ரூபாப்படி விற்றால் 10,000 ரூபா. மிச்சம் 1,700 ரூபா. அதை வெட்டி, கழுவி, உப்பிட்டு, மூன்று நாள் காகத்துக்கும் நாய்க்கும் காவலிருந்த உங்கள் கூலி அதற்குள்ளேதான் இருக்கிறது. ஒரு மழை வந்தால் அதுவும் இல்லை.

அப்படியானால் கருவாடு போடவேண்டாமா? போடலாம், விலை விழுந்த நாள் மீனை வாங்கி. கரையில் சூடையும் கீரியும் குவிந்து 250 ரூபா மீன் 120 ரூபாவுக்குப் போகும் நாட்கள் உண்டு. அன்றைக்கு வாங்கிய 30 கிலோவில் மிச்சம் 5,600 ரூபா. இரண்டு கிழமை சும்மா இருந்து அந்த ஒரு நாளில் இறங்குபவர், தினமும் கிடைத்த விலைக்கு வாங்கிக் காயவைப்பவரை விடக் கூட உழைப்பார். ஆனால் அந்த நாளில் வாங்கக் கையில் காசு இருக்கவேண்டும். பேணி இங்கும் வேலை செய்கிறது. காயவைப்பது நிலத்தில் வேண்டாம், தட்டியிலோ வலைப் பந்தலிலோ போடுங்கள். மணல் ஒட்டாத கருவாட்டுக்குத் திருநெல்வேலியிலும் சுன்னாகத்திலும் விலை வேறு.

கடை வைத்திருப்பவர்களின் பிரச்சினை கடன் கொப்பி. திரும்பி வந்தவர்கள் எல்லாரும் சொந்தக்காரர். சீனி கேட்டு வரும் மாமியிடம் இல்லையென்று சொல்ல முடியாது. கடன் கொடுக்காத கடை ஊரில் ஓடாது என்பதும் உண்மை. ஆகவே கொடுங்கள், ஆனால் கடைக்கு ஒரு மொத்த எல்லை வையுங்கள். 50,000 ரூபாவுக்குச் சாமான் உள்ள கடையில் வெளியே நிற்கும் கடன் 10,000 ரூபாவைத் தாண்டவிடாதீர்கள். அந்த எல்லை வந்ததும் பழைய கடன் வந்தாற்தான் புதியது. "எனக்கும் விருப்பந்தான் மாமி, ஆனா கடைக்குச் சாமான் போடேலாமல் கிடக்கு" என்று சொன்னால் விளங்கிக்கொள்வார்கள். உங்கள் பிள்ளைகள் எடுக்கும் பிஸ்கற்றையும் கொப்பியில் எழுதுங்கள். பல கடைகள் பூட்டுப்படுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கடன் எடுக்கும்போது

வாசலுக்கு வந்து தரும் நுண்கடன்களைப் பற்றி வெளிப்படையாகவே எழுதவேண்டியிருக்கிறது. வடக்கில் போருக்குப் பிந்திய வருடங்களில் இந்தக் கடன்களாற் பெண்கள் பட்ட பாட்டை நீங்களே பார்த்திருப்பீர்கள். நிலைமை எவ்வளவு முற்றியதென்றால், 2018 இல் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலுள்ள பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வந்தது.

ஒரு கணக்கு. 50,000 ரூபாக் கடன், "வருடத்துக்கு 24 வீதம் வட்டி", 52 கிழமைக் கட்டுக்காசு. வட்டி 12,000 ரூபா, மொத்தம் 62,000 ரூபா, கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. 24 வீதம் என்பது இலேசாகத் தெரியும். ஆனால் ஆறு மாதத்தில் நீங்கள் பாதிக் காசைத் திருப்பிக் கட்டிவிட்டீர்கள். வட்டியோ வருடம் முழுவதும் முழு 50,000 ரூபாவுக்கும் போடப்பட்டிருக்கிறது. நீங்கள் உண்மையிற் கொடுக்கும் வட்டி 40 வீதத்துக்கும் மேல். வங்கிகள் பொதுவாகக் குறைந்து செல்லும் மீதிக்கு மட்டும் வட்டி போடும். ஆகவே கடன் தர வருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வட்டி முழுத் தொகைக்கா, மீதிக்கா? கையில் தரும்போது எவ்வளவு கழிப்பீர்கள்? பதில் எழுத்தில் வேண்டும். 2016 ஆம் ஆண்டின் நுண்நிதியளிப்புச் சட்டத்தின் கீழ் மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் உள்ள நிறுவனமா என்பதையும் விசாரியுங்கள். விளங்காத மொழியில் உள்ள படிவத்தில் ஒருபோதும் கையெழுத்திட வேண்டாம். அயலவரின் கடனுக்குப் பிணைநிற்பதும் உங்கள் கடன்தான்.

கடற்றொழிலுக்குக் கிழமைக் கட்டுக்காசு அடிப்படையிலேயே பொருந்தாது. வாடைக்குப் படகு கரையிற் கிடக்கும் கிழமையிலும் 1,192 ரூபா கட்டவேண்டும். அதற்கு இன்னொரு கடன், அதைக் கட்ட வேறொன்று. இதற்கு மாற்று வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். கேரளத்தில் திருவனந்தபுரத்துக்கு அண்மையிலுள்ள மரியநாடு என்ற கடற்கரைக் கிராமத்தில் மீனவர்கள் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்தார்கள். மீனைக் கரையிலேயே சங்கம் ஏலம் கூறும். விற்ற தொகையில் ஒரு சிறு வீதத்தைக் கடனுக்கும் இன்னொரு சிறு வீதத்தைச் சேமிப்புக்கும் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுக்கும். நிறைய மீன் பட்டால் நிறையக் கட்டுப்படும், படாத நாளில் கட்டவேண்டியதில்லை. இந்த முறை மற்றக் கிராமங்களுக்கும் பரவி, 1980 இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. பின்னர் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் சென்றது. உங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிக் கதைத்துப் பாருங்கள். கட்டாயம் கடன் எடுக்கத்தான் வேண்டுமென்றால், வாடை மாதங்களுக்குத் தவணை விலக்குத் தரும் கடனைக் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் தரமாட்டார்கள்.

நகை அடகைப் பற்றி எமது அலுவலர்களிடம் அடிக்கடி கேட்கிறீர்கள். வங்கியில் நகையை வைத்து வலை வாங்குவது கிழமைக் கடனை விடப் பெரும்பாலும் மலிவு. ஆனால் மீட்கும் திகதியைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வையுங்கள். தவறினால் ஏலத்திற் போய்விடும்.

வீட்டுத்திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வீட்டுக்கான காசு கட்டங்கட்டமாகத்தான் வரும். அத்திவாரம் முடித்துக் காட்டினாற்தான் அடுத்த கொடுப்பனவு. இடையில் மேசனுக்குக் கொடுக்கக் காசில்லாமல் தொழிலின் காசை எடுத்துச் சுவர் எழுப்பியவர்கள் பலர். வீடு முடிந்தது, தொழில் நின்றது. வீட்டின் பரப்பைக் கொடுப்பனவுக்கு ஏற்றபடி சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கூட்டிக் கட்டலாம். பெரிய அத்திவாரம் போட்டுவிட்டுக் கூரையில்லாமல் நிற்பதை விட அது எவ்வளவோ நல்லது.

பதிவுகள்

படகு கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்திற் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். எரிபொருள் நிவாரணமோ, புயலுக்கான இழப்பீடோ அறிவிக்கப்பட்டால் முதலிற் கேட்பது அந்த இலக்கத்தைத்தான். உங்கள் கரைக்குப் பொறுப்பான கடற்றொழில் பரிசோதகரைச் சந்தியுங்கள். கடை, தையல், கருவாடு போன்றவற்றுக்கு வியாபாரப் பெயர்ப் பதிவு பற்றித் தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்திலும், வியாபார அனுமதி பற்றி வலிகாமம் வடக்குப் பிரதேச சபையிலும் விசாரிக்கலாம். இன்னும் வெளியூரில் வசித்துக்கொண்டு இங்கு தொழில் செய்பவர்கள், எந்தக் கிராம அலுவலரிடம் பதிவு இருக்கிறது என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டு இடத்துக்கும் இடையில் பெயர் தவறிப்போன குடும்பங்கள் உண்டு. வங்கிக்குப் போகும்போது பதிவுப் பத்திரங்களோடு ஆறு மாதக் கணக்குக் கொப்பியையும் கொண்டுபோங்கள். பிணைக்கு ஆளில்லாதவருக்கு அதுவே ஒரு பேச்சுத்துணை.

எழுத்து வராதவர்கள் தயங்க வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் அதனிடம் கொப்பியைக் கொடுத்து நீங்கள் சொல்லச் சொல்ல எழுதுவியுங்கள். கூட்டல் கழித்தலில் பிள்ளை பிழைவிட்டாற் பரவாயில்லை, எமது அலுவலர் கிழமைக்கு ஒருமுறை வரும்போது இருந்து திருத்தித் தருவார். மாதத்தின் முதல் நாளுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இன்று பின்னேரம் கையிலிருக்கும் காசை எண்ணி, அந்தத் தொகையை முதல் வரியாக எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.